நான்காவது ஃபிலிம்

கனகலட்சுமிக்கு உலகத்தில் புரியாத விஷயங்கள் ஏராளம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரே ஊருக்கு ஐந்து பஸ் நின்றால் எது முதலில் கிளம்பும் என்பது புரியாது. தம்பி பெண்டாட்டி "பரவாயில்ல விடுங்க" என்றால் அது கோபமா சமாதானமா என்பது புரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, நாலு வருஷத்துக்கு முன்னால் தன் கல்யாணம் ஏன் நின்றது என்பது இன்று வரைக்கும் புரியவில்லை. ஆனால் கலர் செபரேஷன் மட்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதில் அவளைக் குழப்ப மதுரையில் ஆள் கிடையாது என்று அவளே நம்பிக்கொண்டிருந்தாள். 2005 வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நம்பிக்கையும் போயிற்று.

செபரேஷன் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மீனாட்சியம்மன் படமாக இருந்தாலும் மிக்சர் பாக்கெட்டாக இருந்தாலும் அச்சு மெஷினுக்குத் தெரிந்தது நாலே மைதான். நீலம், ரோஸ், மஞ்சள், கருப்பு. கம்ப்யூட்டரில் பார்க்கிற அத்தனை நிறத்தையும் இந்த நாலாகப் பிரித்து, மைக்கு ஒன்றாக நாலு ஃபிலிம் எடுக்க வேண்டும். ஃபிலிமை வைத்து பிளேட், பிளேட்டை வைத்து அச்சு. பி.டி.எஃப். ஃபைலாக உள்ளே போவது நாலு ஃபிலிமாக வெளியே வரவேண்டும். ஐந்து வந்தால் யாரோ தங்கக் கலர் என்று தனியாக ஒரு பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். எழுத்து நாலு ஃபிலிமிலும் வந்தால் யாரோ வேர்டில் அடித்து அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். இதையெல்லாம் ஃபிலிம் ஓடுவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்து நிறுத்துவதுதான் அவளுடைய உத்தியோகம்.

உத்தியோகம் ஆரப்பாளையத்தில், ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில். கடை லூர்துராஜுடையது. நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், திங்கட்கிழமை மெஷின் ரிப்பேருக்காக இன்னொரு தடவை ஜெபம் பண்ணுவார். ஏ.சி. உண்டு, ஆனால் அது ஃபிலிம் மெஷினுக்கு. மனிதர்களுக்கு மின்விசிறி. கனகலட்சுமியை அங்கே எல்லோரும் லட்சுமி என்றுதான் கூப்பிடுவார்கள். முழுப்பெயரைச் சொல்வதற்குள் பவர் போய்விடும் என்பது லூர்துராஜின் கணக்கு.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. சௌராஷ்டிரக் குடும்பம், மகால் பக்கத்தில் வீடு, அப்பா ஜவுளிக்கடையில் வேலை. 2001இல் ஸ்ரீநாத் என்று ஒரு மாப்பிள்ளை நிச்சயமாகி, பத்திரிகை வேலை வரைக்கும் வந்தது. தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே கம்ப்யூட்டரில் போட்டாள். ஜோடி மயிலை வாங்கி ஒட்டாமல் மூன்று ராத்திரி உட்கார்ந்து கோடு கோடாக இழுத்தாள். அச்சுக்குக் கொடுக்கப் போகிற அன்றைக்குக் காலையில் மாப்பிள்ளையின் சித்தப்பா போன் செய்து, "இப்ப வேணாம்னு நினைக்கிறோம்" என்றார். இப்ப வேண்டாம் என்றால் எப்போது என்று அப்பா கேட்டார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். சண்டை இல்லை, சீர் பேச்சு இல்லை, கெட்ட பெயர் இல்லை. ஒரு காரணம் கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதாவது தீர்த்திருக்கலாம். அதையும் கொடுக்காமல் போனார்கள், பாவிகள்.

அதற்கு அடுத்த வாரம் லூர்துராஜ் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "லட்சுமி, இனிமே பத்திரிகை வேலையெல்லாம் நான் பாத்துக்கறேம்மா. நீ பொஸ்தகம், லேபிள் இதப் பாரு." அது இரக்கமா, சகுனம் பார்ப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. நாலு வருஷமாகப் பள்ளிக்கூட நோட்டு அட்டையும் ஊறுகாய் லேபிளுமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை லூர்துராஜ் திண்டுக்கல்லில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தார். பதினொரு மணிக்கு போன் செய்தார்.

"லட்சுமி, பழங்காநத்தத்துல இருந்து உக்கிரபாண்டின்னு ஒருத்தர் வருவாரு. மக கல்யாணப் பத்திரிகை. ஃபைலு ரெடியா இருக்கு. ஃபிலிம் மட்டும் எடுத்துக் குடுத்துரு. தொறந்தெல்லாம் பாக்க வேணாம்."

"தொறக்காம எப்படிண்ணே ஃபிலிம் எடுக்கறது? கலர் செக் பண்ணணும்ல?"

"நான் பாத்துட்டேம்மா. அப்படியே அனுப்பு."

ஃபைலைத் திறக்காமல் ஃபிலிம் எடு என்று அவர் எட்டு வருஷத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை. அவள் குழம்பினாள். ஆனால் குழம்பி முடிப்பதற்குள் உக்கிரபாண்டி மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். லோடு வண்டி ஓட்டுகிறவர். வந்ததும் உட்காரவில்லை.

"தாயி, ஒண்ணே ஒண்ணுதான். பத்திரிகையில கருப்பு மை ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. நல்ல காரியம். மாப்ள வீட்டுல ஒரு பெரியவரு இருக்காரு. பூதக்கண்ணாடி வச்சுப் பாப்பாரு. எங்க அண்ணே வீட்டுப் பத்திரிகையில மண்டபத்துப் பேரு மட்டும் கருப்புல இருந்துச்சுன்னு அம்புட்டையும் திரும்ப அடிக்க வச்ச ஆளு."

"அதெல்லாம் இருக்காதுண்ணே. உக்காருங்க."

அவர் உட்காரப் போனவர், கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிய வேறொரு வேலையின் நாலு ஃபிலிமைப் பார்த்துவிட்டு மறுபடியும் எழுந்தார்.

"என்னத்தா இது, எல்லாமே கருப்பால்ல இருக்கு?"

"ஃபிலிம்னா கருப்பாத்தாண்ணே இருக்கும். இது மஞ்ச மைக்கு உள்ள ஃபிலிம். இது ரோஸுக்கு."

"மஞ்சளுக்கு எதுக்குக் கருப்பு?"

"இதுல எங்கெங்க கருப்பா இருக்கோ அங்கெல்லாம் அச்சுல மஞ்ச விழும்."

"அப்ப கருப்பு இல்லாட்டி மஞ்சளே விழாதா?"

பதினாயிரம் ஃபிலிம் எடுத்தவளுக்கு அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லவும் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. "ஃபிலிம் வேற, மை வேறண்ணே" என்று தொடங்கிப் பாதியில் விட்டாள். மனுஷர் முகம் தெளியவில்லை.

"நீ சொல்றது எனக்குப் புரியல. மிஷின்ல நாலாவதா கருப்பு ஊத்துவாகல்ல? அந்தக் கருப்புக்கு உள்ளத மட்டும் எனக்குக் காட்டு. அது வெறுமையா இருந்தா நான் நம்புறேன்."

இது நியாயமான பேச்சு. கடைக்குப் புதிதாக வந்திருந்த சாஃப்ட்வேரில் அதற்கு வசதியும் இருந்தது. பி.டி.எஃப்.பைத் திறந்தால் ஓரத்தில் நாலு மைக்கும் நாலு கட்டம். எந்தக் கட்டத்தில் டிக்கை எடுக்கிறோமோ அந்த மை திரையில் மறைந்துவிடும். மூன்றை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு மை எங்கெல்லாம் விழும் என்பது பளிச்சென்று தெரியும். திறந்து பார்க்க வேண்டாம் என்று லூர்துராஜ் சொன்னது ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர் கேட்கிறார், காட்டாமல் என்ன செய்வது? திறந்தாள்.

மெரூன் பட்டை. அதன் மேல் மஞ்சள் எழுத்தில் பாண்டீஸ்வரி, சுருளிவேல். மேலே ஜோடி மயில்.

மயில் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மயில் இல்லாத பத்திரிகை மதுரையில் ஏது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நீலத்தின் டிக்கை எடுத்தாள். ரோஸை எடுத்தாள். மயில் வெளுத்தது, பட்டை வெறும் மஞ்சள் பட்டையாயிற்று. "பாத்தீகளா, ஒவ்வொண்ணா போகுது" என்று திரையைவிட்டு அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள். கடைசியாக மஞ்சளை எடுத்தாள். திரை வெள்ளையாக வேண்டும்.

ஆகவில்லை. பட்டை இருந்த இடத்தில், நட்டநடுவில், கருப்பு எழுத்து இரண்டு வரி நின்றது.

ஸ்ரீநாத் – கனகலட்சுமி. அதற்குக் கீழே 2001 ஆவணி மாதத்துத் தேதி.

அவள் மஞ்சளைத் திரும்பப் போட்டாள். பேர் போகவில்லை. ரோஸைப் போட்டாள், நீலத்தைப் போட்டாள். மெரூனுக்குள் முங்கிவிட்டது. எல்லாவற்றையும் எடுத்தாள். திரும்ப வந்து நின்றது. வைரஸ் ஏதாவது இருக்குமோ என்று நினைத்தாள். பிறகு, நமக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று நினைத்தாள். நாலு வருஷமாக யாரும் சேர்த்துச் சொல்லாத இரண்டு பெயர். இன்னொரு பெண்ணின் கல்யாணப் பத்திரிகைக்கு அடியில் எப்படி வந்து படுத்துக்கொண்டது?

அதே சமயம் அவளுடைய தொழில் மூளை தன் பாட்டுக்கு வேலை செய்து ஒன்றைக் கண்டுபிடித்தும் விட்டது. பழைய ஃபைலில் எழுத்தை அழிக்காமல் மேலே பட்டையைப் போட்டு மூடியிருக்கிறார்கள். பட்டையை ஓவர்பிரிண்ட் என்று வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் பட்டை கீழே இருப்பதை வெட்டாது, அதன் மேலேயே அடிக்கும். சாதாரணமாகத் திறந்தால் திரையில் பட்டை மட்டும்தான் தெரியும். கருப்பு பிளேட்டில் கீழே இருப்பது அப்படியே விழும்.

அவளுக்குப் பின்னாலிருந்து உக்கிரபாண்டி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஸ்ரீநாத்து... கனக... லட்சுமி. யாரு தாயி இவுக? எம்மக பேருக்கு அடியில எதுக்குப் படுத்திருக்காக?"

"பழைய பத்திரிகைண்ணே. இதே டிசைன்ல முன்ன ஒண்ணு போட்டிருக்கு. அதுமேல பட்டையப் போட்டு மறைச்சிருக்காங்க."

"அடுத்தவக பத்திரிகை மேலயா எம்புள்ள பேர எழுதுவீக? என்னங்க கடை வச்சு நடத்துறீக?"

குரல் உயர்ந்துவிட்டது. லாட்ஜ் படிக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் இரண்டு தரம் மூச்சு வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவள் எதைக் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்தாளோ அதையே கேட்டார்.

"அந்தக் கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா?"

ஒரே கேள்விதான். இதற்கு உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதில் மட்டும் அவளுக்குக் குழப்பமே இல்லை. நின்றுபோன கல்யாணத்தின் மேல் எழுதிய பத்திரிகை என்று மனுஷர் எழுந்து போய்விடுவார். கடைக்குப் பெயர் கெடும். அது கிடக்கட்டும். நாளைக்கு அந்தப் பாண்டீஸ்வரிக்கு ஒரு தும்மல் வந்தால்கூட, ஒரு ராசியில்லாதவள் பெயர் அடியில் கிடந்ததுதான் காரணம் என்று ஆகிவிடும். அந்த ராசியில்லாதவள் இதோ இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் ஒருநாள் தெரிந்துவிடும். தன் கல்யாணம் நின்றதை அவள் தாங்கிவிட்டாள். இன்னொருத்தி கல்யாணத்தை நிறுத்தியவள் என்ற சொல்லை அவளால் தாங்க முடியாது.

"நடந்துச்சுண்ணே" என்றாள்.

"நல்லா இருக்காகளா?"

"நல்லா இருக்காங்க. சூரத்துல. அவருக்கு அங்க துணி மில்லுல வேல."

"பிள்ளை குட்டி?"

"ரெண்டு. பெரியது பொண்ணு."

எங்கிருந்து வந்தது இத்தனையும் என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பெண் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்பதையும் சொல்லியிருப்பாள். உக்கிரபாண்டி முகத்தில் இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு இப்போதுதான் சரியாக உட்கார்ந்தார்.

"அப்பச் சரி. பிள்ளை குட்டியோட நல்லா வாழ்றவுக பேருன்னா நல்லதுதான். அழிக்க வேணாம், இருக்கட்டும்."

"இருக்கட்டுமாண்ணே?"

"ஆமா. ஆனா கருப்பு மை வேணாம்."

"கருப்பு மை இல்லாட்டி அந்தப் பேரு தாள்ல விழாதுண்ணே."

"விழ வேணாம்னுதான் சொல்றேன்."

"அப்புறம் எப்படி இருக்கும்?"

"தாயி, குலசாமி கண்ணுக்குத் தெரியுதா? ஆனா இருக்குல்ல? அது மாதிரி அது பாட்டுக்கு உள்ள இருக்கட்டும். நீ மூணு மட்டும் எடு."

இதற்கு மேல் ஒரு செபரேஷன்காரி என்ன வாதம் பண்ண முடியும்? நீலம், ரோஸ், மஞ்சள் என்று மூன்றை மட்டும் ஓட விட்டாள். நான்காவது ஃபிலிமை எடுக்கவில்லை. அவர் மூன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒன்றும் விளங்காமல், திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சுருட்டிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அலமாரியிலிருந்து மாதிரிப் பத்திரிகை ஆல்பத்தை எடுத்தாள். லூர்துராஜ் வாடிக்கையாளருக்குக் காட்டுகிற ஆல்பம். நாலு வருஷமாக அவள் தொட்டதில்லை. ஜோடி மயில் போட்ட பத்திரிகை ஒன்பது இருந்தது. ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். மெரூன் பட்டைக்குள், இன்னும் கொஞ்சம் கருமெரூனாக, அவள் பெயர். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். தெரிந்து பார்த்தால்தான் தெரியும். மைக்கறை என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அதில் ஒன்று செல்லூர்க்காரப் பெண்ணுடையது. அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். போன மாதம்தான் இடுப்பில் ஒரு குழந்தையோடு காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள். கொழுகொழுவென்று குழந்தை.

அவளுக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் சித்தப்பாக்காரர் போனை வைத்த அன்றைக்குக்கூட வரவில்லை. கோபத்துக்கு நடுவே சிரிப்பும் வந்தது. தன்னால் ஒன்பது கல்யாணம் கெட்டிருக்க வேண்டும், ஒன்றும் கெட்டதாகத் தெரியவில்லை. அப்படியென்றால் தன் ராசிக்கு என்னதான் அர்த்தம்? இது ஆறுதலா அவமானமா? ஆல்பத்தை அலமாரியில் திரும்ப வைக்கவில்லை.

மறுநாள் லூர்துராஜ் வந்ததும் ஆல்பத்தை அவர் மேஜையில் விரித்து வைத்தாள். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சுவரைப் பார்த்தார்.

"டிசைன் நல்லா இருந்துச்சும்மா. யாரு பாத்தாலும் இந்த மயிலத்தான் கேட்டாங்க."

"எழுத்த அழிச்சிட்டுப் போட்டுருக்கலாம்லண்ணே?"

"நீ எல்லாத்தையும் சேத்து லாக் பண்ணி வச்சிருந்த. எனக்கு ஒடைக்க வரல. ஒங்கிட்ட கேக்கலாம்னா... எந்த வாயால கேக்கறது? மேல பட்டையப் போட்டு மூடிட்டேன். ஓரத்துல வெள்ளக் கோடு தெரியக் கூடாதுன்னு ஓவர்பிரிண்ட் குடுத்தேன்."

"அதனாலதான் எனக்குப் பத்திரிகை வேலையே தரலையா?"

"சேச்சே, அது ஒனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "மொதல்ல அதுக்குத்தான். அப்புறம் இதுக்கு."

மதுரையில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டர் சென்டரிலும் இதுதான் நடைமுறை. அழிக்கத் தெரியாது, மூடத் தெரியும். மூடினால் திரையில் தெரியாது, தெரியாதது இல்லை என்று நினைப்பு. நாலு வருஷம் தனக்கு நடந்ததும் இதுதானே என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஃபிலிம் மெஷின் மக்கர் செய்தது, பேச வேண்டியதாயிற்று.

பத்து நாள் கழித்து, மத்தியானச் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது, உக்கிரபாண்டி மறுபடியும் மாடி ஏறி வந்தார். கையில் மஞ்சள் பை. லூர்துராஜ் கடையில் இல்லை.

"அச்சு நல்லா வந்திருக்கு தாயி. பெரியவரு பூதக்கண்ணாடியில பாத்துட்டு ஒண்ணுஞ்சொல்லல. ஊருல பாதிக்கு வச்சாச்சு." பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கூடவே ஒரு வெறுங்கவர். "அந்தச் சூரத்து ஆளுகளுக்கும் ஒண்ணு அனுப்பணும்னு வீட்டுல சொல்றா. நம்ம பத்திரிகைக்கு அடியில இருந்தவுக, விட்டா நல்லா இருக்காது. வரமாட்டாக, தெரியும். மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல? அட்ரஸ் ஒங்க கடையில இருக்கும். எங்கையெழுத்து கோழி கிறுக்குன மாதிரி இருக்கும், நீயே எழுதிரு. திரு ஸ்ரீநாத், திருமதி கனகலட்சுமி குடும்பத்தார்னு போடு."

அவள் பேனாவை எடுத்தாள். கவரை நேராக வைத்தாள். எழுதுவது சுலபம். இல்லாத தெரு ஒன்றை எழுதி, சூரத் என்று போட்டு, தபாலில் சேர்த்தால் முடிந்தது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் வரும், இல்லாவிட்டால் அதுவும் வராது. அவர் சந்தோஷமாகப் போய்விடுவார். பாண்டீஸ்வரி கல்யாணம் நடக்கும்.

திரு. ஸ்ரீநாத் என்று எழுதினாள். பக்கத்தில் திருமதி என்று எழுதினாள். அதற்கு மேல் கை நகரவில்லை. தன் பெயரை எழுத நாலு எழுத்தோ ஆறு எழுத்தோ, எத்தனை என்றுகூட அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன தாயி, அட்ரஸ் இல்லையா?"

"அண்ணே, அது நாந்தான்."

"எது?"

"கனகலட்சுமி. இங்க லட்சுமின்னு கூப்பிடுவாங்க. அந்தக் கல்யாணம் நடக்கல. பத்திரிகை அடிக்கப் போற அன்னைக்கு நின்னு போச்சு. சூரத்து, பிள்ளைங்க, எல்லாம் பொய். அன்னைக்கு நீங்க கேட்டப்ப பயத்துல சொல்லிட்டேன்."

எதற்குச் சொன்னோம் என்று சொன்ன நிமிஷத்திலேயே அவளுக்குத் தெரியவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வைத்தாகிவிட்டது. இப்போது இந்த மனுஷர் கத்தினால் என்ன செய்வது? மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனால் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில்? "உங்க பத்திரிகையில ஒரு எழுத்துகூட விழல, வேணும்னா வெளிச்சத்துல பாருங்கண்ணே. சத்தியமா விழல" என்று வேகமாகச் சொன்னாள். அழுகை வந்துவிட்டது.

உக்கிரபாண்டி பத்திரிகையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வந்து உட்கார்ந்தார்.

"ஏன் நின்னுச்சு?"

"தெரியலண்ணே."

"கேக்கலையா?"

"கேட்டோம். சொல்லல."

"சொல்லலையா? அதெப்படி சொல்லாம இருப்பான்?" அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. யார் மேல் என்று அவருக்கும் பிடிபடவில்லை போலிருக்கிறது. தலையைச் சொறிந்தார். "நல்லதா கெட்டதான்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல தாயி. மாப்ள வீட்டுக்குத் தெரிய வேணாம். அம்புட்டுத்தான்."

கையை நீட்டி அவள் எழுதிய கவரை வாங்கினார். நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பத்திரிகையையும் எடுத்துக்கொண்டார். சரி, முடிந்தது என்று அவள் நினைத்தாள். இதற்கு மேல் அவர் இங்கே உட்கார என்ன இருக்கிறது?

அவர் எழுந்திருக்கவில்லை. பைக்குள் துழாவி இன்னொரு கவரை எடுத்தார்.

"ஒங்கப்பா பேரு என்ன?"

அப்பாவிடம் போய்ச் சொல்லப் போகிறாரா? ஜவுளிக்கடை வாசலில் நின்று, உன் மகள் இப்படிப் பொய் சொன்னாள் என்று கேட்கப் போகிறாரா? அப்பா பாவம், அவருக்கு ரத்த அழுத்தம்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே."

"பேரச் சொல்லு தாயி."

"ஜனகராஜ்."

அவளுடைய பேனாவை வாங்கி, மேஜையில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். கோழிகூட இன்னும் கொஞ்சம் நேராகக் கிறுக்கும். திரு. ஜனகராஜ் குடும்பத்தார். பத்திரிகையை உள்ளே வைத்து, மேஜைக்கு மேலே இரண்டு கையாலும் நீட்டினார்.

"அப்பா அம்மாவோட வந்துரணும். சாயங்காலம் தலையக் காட்டிட்டுப் போற கதையெல்லாம் ஆகாது. காலையில முகூர்த்தத்துக்கே வரணும். சூரத்துக்காரனுக்கு எதுக்கு நம்ம வீட்டுப் பத்திரிகை?"

நாலு வருஷமாக எந்தக் கல்யாணத்துக்கும் அவள் போகவில்லை. போகாதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. இது என்ன மரியாதையா, பரிதாபமா, இல்லை மனுஷருக்கு விஷயமே சரியாக விளங்கவில்லையா? ஒன்றும் புரியாமல் எழுந்து நின்று, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"வாரோம்ண்ணே" என்றாள்.